மருந்துக்குப் பின்னும் மிஞ்சுவது

க்ஷயரோகிக்கு இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது. மருந்தோ ஆறு மாதம் தொடர்கிறது. எஞ்சிய நான்கு மாதமும் எந்தக் கிருமியை எதிர்த்து? சென்னையும் சிங்கப்பூரும் கண்டறிந்து உலகுக்கு அளித்த விடையைப் பற்றிய சிறப்புக் கட்டுரை.

நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்தைக் குறித்த காலம்வரை உட்கொண்டு முடித்த ஒருவருடைய சரீரத்தில், அதற்குப் பின்னும் அந்தக் கிருமி உயிரோடு மிஞ்சியிருக்க முடியுமா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு ஆராய்ச்சிக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடும் சர்ச்சையாகத் தோன்றலாம். ஆனால் இருமல் நின்று, காய்ச்சல் விட்டு, பசியெடுத்து, இழந்த எடையில் பாதியை மீட்டுக்கொண்ட க்ஷயரோகி ஒருவர், மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உடம்புதான் நன்றாகிவிட்டதே, இன்னும் இதை ஏன் விழுங்க வேண்டும்?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும்போது, அதே கேள்வி அவருடைய உயிரையும், அவரோடு ஒரே அறையில் உறங்குகிறவர்களின் க்ஷேமத்தையும் தீர்மானிக்கிற கேள்வியாகிவிடுகிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தக் கேள்வி, உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயைச் சுற்றிப் பல ஆண்டுகளாகக் கடுமையான வாதப் பிரதிவாதங்களை எழுப்பியிருக்கிறது. லைம் நோய் சிங்கப்பூர் மண்ணுக்கு உரியதன்று. நமக்குத் தெரிந்த வடிவில், நம்மவர்களின் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே இந்தக் கேள்வியை எழுப்பியது க்ஷயம் எனப்படும் காசநோய். அதற்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளில் மிகத் தெளிவானவை சில, தமிழர்கள் வாழும் இரண்டு நகரங்களில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நடத்திய பரிசோதனைகளிலிருந்தே பிறந்தன என்பதை, அந்நகரங்களின் வாசிகளிலேயே பலர் அறியமாட்டார்கள்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய வரலாறு

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில், மோல்மீன் சாலையை ஒட்டி நிற்கிறது டான் டோக் செங் மருத்துவமனை. சீன வணிகர் ஒருவருடைய தர்மத்தால் ஏழை நோயாளிகளுக்கென்று 1844இல் பேர்ல்ஸ் குன்றின்மேல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஸ்தாபனம், 1860களின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடுமிடத்துக்கு இடம்பெயர்ந்து, 1909இல் இப்போதிருக்கும் இடத்தை அடைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அதன் படுக்கைகளில் பெரும்பகுதியை நிரப்பியவர்கள் க்ஷயரோகிகளே. ஊரில் அந்த மருத்துவமனையின் பெயரும் அந்த வியாதியின் பெயரும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாமல் பிணைந்து கிடந்த காலம் அது.

வியாதி பெருகுவதற்குக் காரணம் நகரத்து வீடுகளே என்று 1907இலேயே ஒருவர் எழுதிவைத்தார். கல்கத்தா நகரத்தின் சுகாதார அதிகாரியாக இருந்து பழகிய வில்லியம் சிம்ப்சன் என்ற மருத்துவர், அரசாங்கத்தின் வேண்டுகோளின்பேரில் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய வந்தபோது, கடைவீடுகளின் மேல்தளங்கள் பலகைத் தட்டிகளால் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, சூரிய வெளிச்சமோ காற்றோ நுழையாத இருளில் ஜனங்கள் நெருங்கி வாழ்வதைக் கண்டு, வீட்டு வரிசைகளுக்குப் பின்னே சந்துகள் வெட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். பழைய கடைவீட்டு வட்டாரங்களில் இன்று நாம் குப்பைத் தொட்டிகளும் சமையற்கட்டின் பின்வாசல்களும் நிற்கக் காணும் பின்சந்துகள், அந்த அறிக்கையை ஒட்டி நகரத்தின் நுரையீரலுக்காகத் திறக்கப்பட்ட வழிகள்.

ஆனால் காற்றும் வெளிச்சமும் வியாதி பரவுவதைக் குறைக்குமேயன்றி, பற்றிக்கொண்ட வியாதியைத் தீர்க்கமாட்டா. டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் ஆரம்பித்த சானடோரியம் போன்ற இடங்களில் ஓய்வும் நல்ல ஆகாரமும் திறந்த வெளியும் அளிப்பதற்கு மேல் அக்காலத்து வைத்திய சாஸ்திரத்தால் அதிகமாக ஒன்றும் செய்ய இயலவில்லை. தமிழ்ச் சிறுகதைக்குப் புது உருவம் கொடுத்த புதுமைப்பித்தன், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், 1948இல் க்ஷயத்துக்கு இரையானார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்து நுரையீரல் க்ஷயத்தைக் கட்டுப்படுத்துகிறது என்ற நிரூபணம் லண்டனில் வெளியாயிற்று. சிங்கப்பூரில் காசநோய் எதிர்ப்புச் சங்கம் அதற்கு முந்திய ஆண்டில், 1947இல்தான், தோன்றியிருந்தது.

கொல்லப்படாத சிலவும் கொல்ல முடியாத சிலவும்

ஸ்ட்ரெப்டோமைசினின் வெற்றி முழுமையானதாக இருக்கவில்லை. அந்த ஒரு மருந்தை மாத்திரம் பெற்றவர்களில் பலர், முதல் சில மாதங்களில் வியக்கத்தக்கவாறு தேறி, பிறகு மறுபடியும் சரிந்தார்கள். கோடிக்கணக்கான கிருமிகளுக்கிடையே, அந்த மருந்துக்கு அசையாத தன்மையைப் பிறவியிலேயே பெற்ற சில இருந்தன. மற்றவை மடிய, அந்தச் சிலவும் பெருகி முழுக் கூட்டமாகிவிட்டன. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்குத் தப்பாது என்ற எளிய தர்க்கத்தினால் அந்த ஆபத்து தடுக்கப்பட்டது. 1952இல் ஐசோநயாசிட் வந்து சேர்ந்தபின், சேர்க்கை மருந்துகளை ஓராண்டுக்கு மேல், சில இடங்களில் இரண்டு ஆண்டுகள்வரை, கொடுப்பது வழக்கமாயிற்று.

அப்படிக் கொடுத்தும் சிலருக்கு வியாதி திரும்பியது. இதில் விந்தை என்னவென்றால், திரும்பிவந்த கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பரிசோதித்தபோது, அது பழைய மருந்துக்கே முன்போல எளிதில் மடிந்தது. எதிர்ப்புச் சக்தி எதையும் அது சம்பாதித்திருக்கவில்லை. மருந்துக்கு மடியக்கூடிய கிருமி, மருந்து நிறைந்த சரீரத்தில் மாதக்கணக்கில் மடியாமல் எப்படி இருந்தது?

இந்தப் புதிருக்குக் காசநோய்ச் சிகிச்சையைவிட முந்திய ஒரு சரித்திரம் உண்டு. டப்ளின் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் பிக்கர் என்ற கிருமியியல் அறிஞர், சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளின்மேல் பெனிசிலினைச் செலுத்தியபோது, ஏறக்குறைய எல்லாமே மடிந்தும் மிகச் சொற்பமான சில மாத்திரம் உயிர்தரித்திருப்பதைக் கண்டு, 1944இல் அதைப் பிரசுரித்தார். பிழைத்த அந்தச் சிலவற்றின் சந்ததியை வளர்த்து மறுபடியும் பெனிசிலினுக்கு உட்படுத்தினால், அவையும் முன்னவைபோலவே மடிந்தன. அவற்றிலும் சொற்பமானவையே பிழைத்தன. பெனிசிலின் வளருகின்ற கிருமியையே தாக்குகிறது. ஆகையால் பிழைத்தவை அந்தச் சமயத்தில் வளராமல் ஓய்ந்திருந்தவையாக இருக்க வேண்டும் என்று பிக்கர் ஊகித்தார். அவற்றை விடாமல் நிலைத்திருப்பவை என்ற பொருள்படப் பெயரிட்டு அழைத்தார். மிஞ்சும் கிருமிகள் என்று நாம் சொல்லலாம்.

காசநோய்க்கு அந்த உண்மையைப் பிரத்தியட்சமாக்கியவர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ஷ் மெக்டெர்மட். அவரும் சகாக்களும் எலிகளுக்குக் காசநோயை உண்டாக்கி, ஐசோநயாசிடையும் பைராசினமைடையும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். பிறகு உறுப்புகளை அரைத்து வளர்த்துப் பார்த்தபோது ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் வெறுமனே விட்டுவைத்த எலிகளிலோ, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் காசக்கிருமி மறுபடியும் தென்பட்டது. 1956இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் படிப்பினை கடுமையானது: வளர்த்துப் பார்த்து ஒன்றும் முளைக்கவில்லை என்பதனால் மாத்திரம், உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. கோடையில் வற்றி வெடித்துக் கிடக்கும் குளத்தைப் பார்த்து ஆம்பல் அழிந்துவிட்டது என்று ஒருவர் சொல்வாரேயானால், சேற்றுக்கடியில் காத்திருக்கும் கிழங்கை அவர் அறியாதவர் என்றே கொள்ள வேண்டும்.

சேத்துப்பட்டில் ஓர் அடித்தளம்

மெக்டெர்மட்டின் எலிகளைப் பற்றிய செய்தி பிரசுரமான அதே 1956இல், சென்னைச் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடிக் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவின. பின்னாளில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்த அந்த நிலையத்தின் முதல் பெரிய பரிசோதனையை நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத ஏழை, தன் குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டால் போதுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினரைச் சொந்த வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் ஆகாரம் குறைவு, இடம் நெருக்கடி, உழைப்பு அதிகம். இருந்தும், ஆண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். சிகிச்சை தொடங்கியபின், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தார்க்கு அதிகமாக நோய் தொற்றவுமில்லை. சானடோரியங்களின் யுகத்தை முடித்துவைத்த அந்த அறிக்கை 1959இல் வெளியாயிற்று.

நமது பொருளுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு ஒன்றும் உண்டு. எதிர்பாராத வேளையில் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்து, மருந்து உண்மையிலேயே உட்கொள்ளப்படுகிறதா என்று அறியும் முறையைச் சேத்துப்பட்டுக்காரர்கள் கடைப்பிடித்தார்கள். தேறத் தொடங்கியவர்கள் மருந்தைக் கைவிடுகிறார்கள் என்ற மனித சுபாவத்தை அங்கே அவர்கள் நேரில் கண்டார்கள். வாரத்தில் சில நாள் மருத்துவமனைக்கு வரவழைத்து, ஊழியர் கண்ணெதிரே மருந்தைக் கொடுக்கும் முறை சென்னையிலும் ஹாங்காங்கிலும் நடந்த பரிசோதனைகளின் வாயிலாகவே உருப்பெற்று உலகெங்கும் பரவியது.

சிங்கப்பூர் அளித்த தீர்ப்பு

1960களின் இறுதியில் ரிஃபாம்பிசின் வந்தது. ஓய்ந்து கிடக்கும் கிருமி சற்றே கண்விழித்து அசையும் அந்தச் சிறு அவகாசத்திலேயே அதைக் கொல்லவல்ல மருந்து அது. ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றையும் சேர்த்தால் சிகிச்சைக் காலத்தை எவ்வளவு குறைக்கலாம் என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கு விடைகாண முன்வந்த இடங்களில் முக்கியமானது சிங்கப்பூர். சிறிய தீவு, ஒழுங்கான மருத்துவப் பதிவுகள், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் வசதி, அதே சமயத்தில், 1960ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு லட்சம் பேரில் முந்நூறு பேருக்கு மேல் காசநோய் கண்டிருந்த கொடுமை.

சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவை, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தோடு சேர்ந்து 1970களில் நடத்திய பரிசோதனையில், எல்லா நோயாளிகளுக்கும் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் கொடுக்கப்பட்டன. அதன்பின் ஒரு சாராருக்குச் சிகிச்சை நான்கு மாதத்தோடும், மற்றொரு சாராருக்கு ஆறு மாதத்தோடும் நிறுத்தப்பட்டது. சிகிச்சை முடிந்த நாளில் இரு சாராரையும் வேறுபடுத்திக் காண யாராலும் இயன்றிராது. ஏறக்குறைய அனைவருடைய சளியும் கிருமியற்றிருந்தது. வேறுபாட்டைக் காட்டியது பின்வந்த காலம். நான்கு மாதத்தோடு நிறுத்தியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வியாதி திரும்பியது. ஆறு மாதம் உட்கொண்டவர்களிடம் நூற்றுக்கு ஓரிருவருக்கே திரும்பியது. திரும்பிய கிருமிகளில் பெரும்பாலானவை பழைய மருந்துகளுக்கு மடியக்கூடியனவாகவே இருந்தன.

இந்தக் கணக்கை ஊன்றிப் படிக்கிறவர்களுக்கு இரண்டு உண்மைகள் புலனாகும். நான்காம் மாத முடிவில் சளியில் கிருமியே தெரியாத பத்துப் பேரில் ஒருவருடைய நுரையீரலில், எந்தப் பரிசோதனைக்கும் அகப்படாத சில கிருமிகள் மிஞ்சியிருந்தன என்பது ஒன்று. அந்த மிச்சத்தையும் மேலும் இரண்டே மாதத்தில் பெரும்பாலும் ஒழித்துவிட முடிந்தது என்பது மற்றொன்று. பைராசினமைடை முதல் இரண்டு மாதத்துக்கு மேல் நீட்டிப்பதால் பயன் அதிகமில்லை என்பதையும் சிங்கப்பூர்தான் உறுதிசெய்தது. இன்று தேனியிலோ திருகோணமலையிலோ டர்பனிலோ ஒரு நோயாளிக்கு வைத்தியர் "முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் குறைத்து" என்று எழுதிக் கொடுக்கிறாரென்றால், அந்த எண்ணிக்கையை நிலைநாட்டியதில் இந்தத் தீவின் நோயாளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே வியாதி, பல நிலைகள்

ஆறு மாதம் ஏன் என்பதற்கு டெனிஸ் மிட்சிசன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் அளித்த விளக்கம் இன்றும் வைத்திய மாணவர்களுக்குப் போதிக்கப்படுகிறது. ஒரே நுரையீரலுக்குள் வாழும் கிருமிகள் அனைத்தும் ஒரே நிலையில் இருப்பதில்லை. காற்றோட்டமுள்ள குழிகளில் சில வேகமாகப் பெருகுகின்றன. ஐசோநயாசிட் இவற்றில் மிகப் பெரும்பகுதியை முதல் சில நாட்களிலேயே கொன்றுவிடுகிறது. அழற்சியால் அமிலத்தன்மை ஏறிய இடங்களில் சில மெதுவாக வாழ்கின்றன. பைராசினமைட் அங்கேதான் வல்லமை பெறுகிறது. இன்னும் சில பெரும்பாலும் அசைவற்றுக் கிடந்து, எப்போதாவது சிறிது கண்விழிக்கின்றன. ரிஃபாம்பிசின் அந்தத் தருணத்துக்காகக் காத்திருக்கிறது. நான்காவது மருந்தான எத்தாம்புட்டால், எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் தலையெடுக்காமல் காவல் நிற்கிறது.

இந்த விளக்கத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் முதல் கேள்விக்கு விடை தானே விளங்கிவிடும். இருமலையும் காய்ச்சலையும் உண்டாக்குபவை பெருகும் கிருமிகள். அவை முதல் வாரங்களிலேயே மடிந்துவிடுவதால் நோயாளி சுகம் உணர்கிறார். எஞ்சிய மாதங்களின் மாத்திரைகள், அவரால் உணரப்படாத கிருமிகளுக்காக. சுகம் என்பது சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாகாது என்று வைத்தியர்கள் சொல்வதன் முழுப் பொருளும் இதுவே.

இடையில் நிறுத்துவதிலும், இஷ்டப்படி விட்டு விட்டுச் சாப்பிடுவதிலும் உள்ள ஆபத்து இன்னும் பெரியது. மிஞ்சிய கிருமி மறுபடியும் பெருகும்போது, அரைகுறையாக உட்கொண்ட மருந்து எதிர்ப்புச் சக்தியுள்ள சந்ததிக்கு வழி திறந்துவிடுகிறது. மிஞ்சுதலும் எதிர்த்தலும் வெவ்வேறு காரியங்கள். ஆனால் முதலாவதை அலட்சியம் செய்பவர், இரண்டாவதை வீட்டுக்குள் அழைத்தவராகிறார். 2016 ஜூன் மாதம், அங் மோ கியோவில் ஒரே வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக் கட்டடத்தைச் சேர்ந்த ஆறு பேருக்குப் பல மருந்துகளை எதிர்க்கும் காசநோய் கண்டிருந்தது என்ற அறிவிப்பு சிங்கப்பூரைத் திடுக்கிடச் செய்தது. அத்தகைய நோய்க்குச் சிகிச்சை கடினமானது. மருந்துகளின் தொல்லையும் அதிகம்.

உயிருள்ள மிச்சமா, உயிரற்ற எச்சமா?

அப்படியானால் ஆறு மாதமும் தவறாமல் உட்கொண்டு முடித்தவர்களிடம் ஒன்றுமே மிஞ்சுவதில்லையா? இங்கேதான் விஞ்ஞானம் அடக்கத்தோடு பேசுகிறது. தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, சிகிச்சை முடிந்து சளியில் கிருமியற்றவர்கள் பலருடைய நுரையீரலிலும், நுண்ணிய படப்பிடிப்பில் அழற்சி தொடர்ந்து ஒளிர்வதைக் கண்டது. அவர்களில் சிலரிடம் காசக்கிருமியின் மரபுச் செய்தித் துணுக்குகளும் அகப்பட்டன. இருந்தும் அவர்களில் பெரும்பாலோர்க்கு வியாதி திரும்பவில்லை. ஆகவே சிகிச்சையின் வெற்றி, கடைசிக் கிருமியின் மரணத்தில் மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. மிஞ்சிய சொற்பத்தைச் சரீரத்தின் சொந்தக் காவற்படை அடக்கிவைப்பதிலும் அடங்கியிருக்கிறது. நீரிழிவு, புகைபிடித்தல், எச்.ஐ.வி. தொற்று, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகள் ஆகியவை அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நீரிழிவு மலிந்த இந்தியச் சமூகத்தார் இதைத் தமக்கு நேராகச் சொன்ன எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

வியாதி திரும்பி வந்தால் அது பழைய கிருமியே என்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் கூடாது. தென்னாப்பிரிக்காவில் காசநோய் மலிந்த ஒரு பகுதியில் குணமாகி மறுபடியும் நோயுற்ற 16 பேரை ஆராய்ந்தபோது, 12 பேரிடம் இருந்தது முற்றிலும் வேறு கிருமி என்பது மரபு ரேகைகளால் தெரியவந்தது. 1999இல் வெளியான செய்தி அது. சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2010இல் காட்டிய படமோ வேறு. எச்.ஐ.வி. தொற்று இல்லாதவர்களிடம் திரும்பியது பெரும்பாலும் பழைய கிருமி. தொற்று உள்ளவர்களிடம் பெரும்பாலும் புதிதாகப் புகுந்தது. பழையது திரும்பினால் சிகிச்சையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். புதியது புகுந்தால் வீட்டையும் காற்றையும் சுற்றத்தையும் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

லைம் நோயைப் பற்றிய விவாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்ப்பது நலம். எலிகளிலும் குரங்குகளிலும், மருந்துக்குப் பின்னும் அந்நோயை உண்டாக்கும் பொரேலியாக் கிருமியின் அடையாளங்களும், சிற்சில சமயம் முழு உருவக் கிருமிகளும் காணப்பட்டதுண்டு. மனிதர்களிலோ, குணமானபின் மறுபடியும் தோலில் செந்தடிப்புத் தோன்றிய 17 பேருடைய கிருமிகளை ஒப்பிட்டபோது, அனைவருக்கும் வந்தது புதிய தொற்றே என்று 2012இல் நிரூபிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பின்னும் களைப்பும் வலியும் நீங்காமல் வருந்துகிறவர்களுக்கு மாதக்கணக்கில் மேலும் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்த பரிசோதனைகள், அமெரிக்காவில் 2001இலும் நெதர்லாந்தில் 2016இலும், வெற்று மருந்தைவிட மேலான பயனைக் காட்டவில்லை. அவர்களுடைய வேதனை மெய்யானது. அந்த வேதனைக்கு உயிருள்ள கிருமிதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. காசநோயிலும் இதற்கு இணை உண்டு. குணமானபின் சிலருக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. நாட்பட்ட இருமல் நீடிக்கிறது. அது பெரும்பாலும் நுரையீரலில் விழுந்த வடுவின் விளைவு. வைத்தியர் அதைக் கேட்டறிந்து, பரிசோதித்து, வடுவுக்கு வடுவின் சிகிச்சையைத் தர வேண்டும். "உமக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவதும், காரணமின்றி மறுபடியும் மருந்தைத் தொடங்குவதும் ஒன்றுபோலத் தவறானவை.

இரண்டு மாதத்தில் முடியுமா?

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் தன் பழைய பெருமையோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நிக்கலஸ் பேட்டன் தலைமையில், இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2023 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதன் அடிப்படை எண்ணம் துணிச்சலானது. பெரும்பாலான நோயாளிகளிடம் இரண்டு மாதத்திலேயே மிச்சம் ஒழிந்துவிடுகிறது என்றால், எல்லோரையும் ஆறு மாதம் மருந்துக்கு உட்படுத்துவானேன்? வலிய மருந்துகளை எட்டு வாரம் கொடுத்து, அறிகுறி நீங்காதவர்களுக்குச் சற்று நீட்டித்து, பிறகு அனைவரையும் நெருங்கிக் கண்காணித்து, நோய் திரும்பியவர்களுக்கு மாத்திரம் முழுச் சிகிச்சை அளித்தால் என்ன?

பெடாகுவிலின், லினஸோலிட் ஆகியவற்றைக் கொண்ட முறையில், 96 வாரங்களுக்குப்பின் பார்த்தபோது, இந்த உபாயம் வழக்கமான ஆறு மாதச் சிகிச்சைக்கு ஈடாகவே நின்றது. மருந்துண்ட நாட்களின் சராசரி, 180க்குப் பதிலாக 85 ஆயிற்று. இந்தச் செய்தியைக் கேட்டு எவரும் தம் மருந்தைத் தாமே இரண்டு மாதத்தில் நிறுத்திவிடலாகாது. அங்கே கொடுக்கப்பட்டவை வேறு மருந்துகள். திரும்பும் நோயை உடனே பிடிக்கும் கண்காணிப்பு இல்லாத இடத்தில் அந்த உபாயம் உபாயமே ஆகாது. எட்டு வாரத்தில் நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் திரும்பவே செய்தது என்பதும், அவர்கள் மறுபடியும் சிகிச்சை பெற்றார்கள் என்பதும் அந்தப் பரிசோதனையின் பிரிக்க முடியாத பாகம். யாரிடம் மிச்சம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை ஒன்று கிடைக்கும் நாளில்தான், ஒவ்வொருவருக்கும் தேவையான அளவே மருந்து என்ற லட்சியம் கைகூடும்.

நம்முடைய பொறுப்பு

1960க்குப்பின் வேகமாக இறங்கிய சிங்கப்பூரின் காசநோய்க் கணக்கு, 1980களின் இறுதியிலிருந்து பத்தாண்டுக் காலம் லட்சத்துக்கு ஐம்பது என்ற அளவிலேயே நின்றுவிட்டது. அதைக் கண்டே 1997இல் காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, பலதுறை மருந்தகங்களில் தாதியின் கண்ணெதிரே மருந்துண்ணும் முறை பரவலாக்கப்பட்டது. கணக்கு மறுபடியும் இறங்கியது. ஆயினும் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் புதிதாக இந்நோய் காணப்படுகிறது. அவர்களில் கணிசமானோர் முதியவர்கள். நெருக்கடியான கடைவீட்டு அறைகளில் இளமையில் சுவாசித்த கிருமி, அறுபது ஆண்டு உறங்கி, காவல் தளர்ந்த முதுமையில் விழித்துக்கொள்கிறது.

இவர்களோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் ஊர்ச்செய்தி பேசக் கூடும் நம் வெளிநாட்டு ஊழியர்களையும் நினைக்க வேண்டும். வேலைக்கு வந்து சேரும்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறதாயினும், அன்று உறங்கிக்கொண்டிருந்த கிருமி பின்னர் விழிக்கக்கூடும். வாரக்கணக்கில் நிற்காத இருமல் கண்டும், வேலை போய்விடுமோ, கடனை அடைக்காமல் ஊர் திரும்ப நேருமோ என்ற அச்சத்தால், இருமல் சிரப்பில் காலத்தை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதிச் சிகிச்சையோடு ஊர் திரும்புகிறவர், மருந்துச் சீட்டையும் பரிசோதனை விவரங்களையும் கையோடு கொண்டுபோய், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கொடுத்தால், அங்கே மருந்து இலவசமாகவே கிடைக்கும். ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் தொடர்வதே முக்கியம்.

நோயாளியாக இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கியபின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம். அதற்கு அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாவது, வாந்தி, பார்வை மங்குவது ஆகியவை தோன்றினால் மருந்தை நீங்களே நிறுத்திவிட்டு வீட்டில் இராமல், அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். அவர் மருந்தை மாற்றித் தருவார். நீரிழிவு இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், புகையை விடுங்கள். சிகிச்சை முடிந்தபின் முதல் ஓராண்டில் இருமலோ மெலிவோ திரும்பினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்ளேயே திரும்புகிறது.

முதலாளிகளும் விடுதி நிர்வாகிகளும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தக்க சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் நோயாளியிடமிருந்து தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் அவருடைய தட்டையும் பாயையும் ஒதுக்கிவைப்பது அவரைச் சிகிச்சையிலிருந்தே ஒதுக்குவதாகும். மருந்து வாங்கச் சென்ற நேரத்துக்குக் கூலி பிடிக்காதீர்கள். மாத்திரை உண்ணும் வேளையை நினைவூட்டுங்கள். ஆறாம் மாதக் கடைசி மாத்திரை உள்ளே போகும்வரை அவருக்குத் துணையாக நில்லுங்கள். மிஞ்சும் கிருமியை வெல்ல மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்குத் தேவையான காலத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.